முகாமையாளரின் கதிரையில் இருபது நிமிடம்

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு மேல் எங்கள் ஊரில் ஓர் ஆம்பிளையைத் தேடிப் பிடிப்பது நடக்கிற காரியமல்ல. கல்முனையில் கடைக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கும். ஓட்டோக்கள் பள்ளிவாசல் மதிலோரம் வரிசையாக நிற்கும். பத்தே நிமிடத்தில் பிரதான வீதி கழுவித் துடைத்தது போலாகிவிடும். பிறகு ஒன்றரை மணி வரை ஒரு கணினி ஓடாது, ஒரு தொலைபேசி எடுபடாது. வேலைக்கு இந்த நேரம்தான் நல்லதென்று கொழும்புக்குச் சொன்னவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

என் வேலை நெட்வேர்க் வேலை. கொழும்பில் உள்ள ஒரு சிறிய கம்பனிக்காக இந்தக் கரையோரத்து ரவுட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எந்தக் கணினியின் தகவல் எந்த வழியால் போகவேண்டும் என்று தீர்மானிக்கும் பெட்டிதான் ரவுட்டர். அதில் கை வைத்தால் கொஞ்ச நேரமாவது லைன் அறுபடும் என்பதால் கொழும்பில் உள்ளவர்கள், ஊரெல்லாம் தூங்கிய பிறகுதான் அதைத் தொடுவார்கள். வேலைக்கு நேர்முகம் வைத்தபோது, ஒரு பொம்பிளைப்பிள்ளை நடுச்சாமத்தில் எப்படி வெளியே போய் இதைச் செய்வாய் என்று கேட்டார்கள். "எங்கட ஊர்ல வெள்ளிக்கிழமை பகல்லயே நடுச்சாமம் வரும் சேர்" என்றேன். சிரித்தார்கள், வேலையும் தந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை ஆண்களுக்குத்தான் கடமை. அவர்கள் பள்ளியில் இருக்கும் அந்த ஒரு மணித்தியாலம் எனக்குச் சொந்தமாக இருந்தது.

மூன்று வருடம் நன்றாகவே போனது. பிறகு ஒரு தடவை ஓர் அரிசி ஆலையில் நான் மாற்றிய ஏதோ ஒன்றால் அரை நாள் லைன் இல்லாமல் போனது. கொழும்பிலிருக்கும் என் மேலதிகாரி சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற ஆளல்ல. "இன்னொரு தடவை இப்படி நடந்தா, மட்டக்களப்பு ஒபிஸிலிருந்து ஒருத்தர் உங்களுக்குப் பக்கத்தில இருந்து பார்ப்பார். அவர் சரி சொன்னால்தான் நீங்க கட்டளை அடிக்கலாம்" என்றார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அரிசி ஆலைக்காரர் என்ன நினைத்தார் என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டல்ல. இந்தப் பக்கத்தில் இந்த வேலையைத் தனியாகச் செய்யும் ஒரே பெண் நான் என்று எனக்குள் ஒரு திமிர் இருந்தது. அதைத்தான் அவர் தொட்டுவிட்டார்.

அதற்கு அடுத்த மாதம் வந்த வேலைதான் இது. ஒரு தனியார் மருத்துவ நிலையம். தலைமைக் கட்டடம் கல்முனையில், கிளை தெற்கே ஒலுவில் பக்கம். கிளையில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் எல்லாம் தலைமைக் கட்டடத்துக்கு வந்து, பிறகுதான் வைத்தியரின் திரைக்குப் போகும். வெள்ளிக்கிழமைகளில் வைத்தியர் இரண்டு மணிக்கு வந்து உட்காருவார். அதற்குள் நான் கிளையின் ரவுட்டரில் மெய்நிகர் போர்ட்களை மாற்றி அமைத்து முடிக்க வேண்டும்.

மெய்நிகர் போர்ட் என்பது பெரிய வித்தையல்ல. அந்தப் பெட்டியின் முதுகில் வயர் செருகும் ஓட்டைகள் மூன்றோ நான்கோதான். ஆனால் கிளையில் ஆய்வுகூடம், அலுவலகம், கெமரா, நோயாளிகளுக்கான வைஃபை என்று பல கூட்டம். எல்லோரையும் ஒரே ஓட்டையால் விட்டு, உள்ளே ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் இலக்கம் போட்ட தனிக் கதவு வைத்து, ஒருவர் மற்றவரின் பக்கம் எட்டிப் பார்க்காதபடி செய்யலாம். கையால் தொட முடியாத கதவுகள் அவை. கட்டளை வரிகளில் மட்டும்தான் இருக்கின்றன. வெளியே போகும் பிரதான லைனுக்கும் அப்படி ஓர் இலக்கம் உண்டு.

அதோடு ஒரு டயல் வழியும் வைத்திருந்தேன். பிரதான லைன் விழுந்தால், சிம் போட்ட டொங்கிள் ஒன்றின் மூலம் ரவுட்டர் தானாகவே டயல் செய்து இன்னொரு வழியைத் திறந்துகொள்ளும். சிம்மில் உள்ள டேட்டா கொஞ்சம்தான். கெமராக்களை விட்டால் ஒரு மணி நேரத்தில் குடித்துத் தீர்த்துவிடும். ஆகவே, கணினியில் இருந்து யாராவது வேலை கேட்டால் மட்டும் டயல் பண்ணு, கெமராவும் வைஃபையும் கேட்டால் காதில் போட்டுக்கொள்ளாதே என்று விதி எழுதியிருந்தேன். இரண்டு நிமிடம் யாரும் ஒன்றும் கேட்காவிட்டால் லைனைத் துண்டித்துவிடு என்றும் எழுதியிருந்தேன். நல்ல விதி. இன்றைக்கும் அதில் பிழை சொல்ல மாட்டேன்.

அன்று கல்முனைக் கட்டடத்தில், ஏசி மட்டும் இரைந்துகொண்டிருந்த சின்ன அறையில் உட்கார்ந்து, பிரதான லைன் வழியாகக் கிளை ரவுட்டருக்குள் நுழைந்தேன். முதலில் பாதுகாப்புக்கு ஒரு காரியம் செய்தேன். பத்து நிமிடத்தில் நீயாகவே அணைந்து எழும்பு என்று அதற்குக் கட்டளை கொடுத்தேன். நான் ஏதாவது பிழைவிட்டு வெளியே தள்ளப்பட்டால், அது பழைய அமைப்போடு எழும்பும், நான் திரும்ப உள்ளே போகலாம். எல்லாம் சரியாக முடிந்தால் அந்தக் கட்டளையை ரத்துச் செய்துவிடுவேன். பிறகு, முன்கூட்டியே எழுதி வைத்திருந்த கட்டளைகளை மொத்தமாக எடுத்து ஒட்டினேன்.

திரை நின்றுவிட்டது.

எதை அடித்தாலும் எழுத்து விழவில்லை. நான் எழுதி வைத்ததைத் திரும்பப் படித்தேன். பிரதான லைனின் கதவுக்கு ஆய்வுகூடத்தின் இலக்கத்தையும், ஆய்வுகூடத்துக்குப் பிரதான லைனின் இலக்கத்தையும் மாற்றிப் போட்டிருந்தேன். நான் நின்ற கிளையை நானே வெட்டியிருக்கிறேன். ஆனாலும் பதறவில்லை, பத்து நிமிடம் பொறுத்தால் அது தானாக எழும்பும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தண்ணீர் குடித்தேன். ஜன்னலால் பார்த்தால் கீழே வீதியில் ஒரு நாய் மட்டும் குறுக்கே போனது.

பத்து நிமிடம் முடிந்தது. ரவுட்டர் எழும்ப இன்னும் மூன்று நிமிடம் கொடுத்தேன். கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. இன்னொரு தடவை, பதில் இல்லை. அப்போதுதான் ஒட்டிய கட்டளைகளின் கடைசி வரி கண்ணில் பட்டது. சேமி. வேறொரு வேலைக்கு எழுதிய கோப்பைத் திருத்தி இதற்குப் பாவித்திருந்தேன். அதன் வாலில் கிடந்த வரியை வெட்ட மறந்துவிட்டேன். ரவுட்டர் எழும்பியிருக்கிறது, ஆனால் என் பிழையைப் பத்திரமாகச் சேமித்துக்கொண்டு எழும்பியிருக்கிறது. என்னை நானே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். அதை இங்கே எழுத முடியாது.

நேரம் பன்னிரண்டு ஐம்பது.

ஆனால் டயல் வழி எங்கே? பிரதான லைன் இல்லையென்றால் டொங்கிளால் டயல் பண்ண வேண்டுமே. ஏன் பண்ணவில்லை? இரண்டு நிமிடம் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு விளங்கியது. யாராவது கணினியில் வேலை கேட்டால்தான் அது டயல் பண்ணும். ஜும்ஆவுக்குப் போகும்போது எங்கள் ஆட்கள் எல்லாக் கணினிகளையும் சுவரில் உள்ள சுவிட்சோடு அணைத்துவிட்டுத்தான் போவார்கள். ஒருவரும் இல்லாத நேரம் என்றுதான் இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒருவரும் இல்லாததால்தான் அந்தப் பெட்டி இப்போது வாயைத் திறக்காமல் இருக்கிறது. கேட்க ஆளில்லை என்றால் அது யாருக்காக டயல் பண்ணும்?

கிளையின் முகாமையாளருக்கு எடுத்தேன். போன் அணைத்திருந்தது. ரவுட்டர் அவருடைய அறையில் ஓர் அலுமாரிக்குள் பூட்டியிருந்தது, திறப்பு அவருடைய சட்டைப் பையில். ஸ்கூட்டியில் பறந்து போனாலும் அலுமாரிக்கு முன்னால் போய் நிற்கத்தான் முடியும். பள்ளி வாசலுக்குப் போய்க் கூப்பிடலாமா என்றுகூட யோசித்தேன். குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து "சத்தம் போடாதே" என்று சொல்வதே கூடாது. நான் வாசலில் நின்று யாரை எந்த வாயால் கூப்பிடுவது?

அப்போது ராத்தா ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் அக்காவை ராத்தா என்போம். இவர் எனக்குச் சொந்தமில்லை. அந்தக் கிளையில் கூட்டித் துடைக்கும் பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும். ரவுட்டர் பொருத்திய நாட்களில் எனக்கு இஞ்சி தட்டிப் போட்டு வெறுந்தேத்தண்ணி ஊற்றித் தந்தவர். என் பெயரைக் கேட்டதே இல்லை, முதல் நாளே "புள்ள" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்களில் மகளுக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை. சுவர் எழும்பிவிட்டது, கூரை மட்டும் பாக்கி என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஜும்ஆ நேரத்தில்தான் முகாமையாளரின் அறையைத் துடைப்பார் என்பது எனக்குத் தெரியும்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"ராத்தா, மனேஜர்ட ரூமிலயா நிக்கிறீங்க?"

"ஓம் புள்ள, இப்பதான் துடைக்கன். என்ன, மூச்சு வாங்குற?"

"அவர்ட கொம்பியூட்டர ஒருக்காப் போட்டு விடுங்க. சுவர்ல சுவிட்ச், மறுகா மேசைக்குக் கீழ இரிக்கிற பெட்டியில ஒரு பட்டன்."

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அல்லாவே, அதுல மட்டும் கை வைக்கப்படாதுண்டு செல்லிரிக்காரு புள்ள. தூசி தட்டவும் விடமாட்டாரு" என்றார்.

"நான் அவருக்கிட்டச் செல்லிக்கிறன். எல்லாம் என்ட பொறுப்பு. கெதியா, ராத்தா."

"உங்கட பொறுப்பா?"

"ஓம், என்ட பொறுப்பு."

பிஸ்மில்லாஹ் சொல்வது கேட்டது. சுவிட்ச் விழும் சத்தம், பிறகு குனிந்து எழும்பும் பெருமூச்சு. "எரியிது புள்ள, பச்சையா எரியிது." கணினி எழும்பும்போதே வெளியுலகத்தைத் தேடும், அதற்கு அந்த ஒரு கேள்வி போதும். நான் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது விநாடி. முப்பது. அலுமாரிக்குள் அந்த டொங்கிள் டயல் பண்ணுவதை நான் இங்கிருந்து கேட்க முடியாது, ஆனாலும் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருந்தேன். நாற்பதாவது விநாடியில் பதில் வந்தது. பதிலைக் கண்ட கையோடு நான் அழுதுவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், என் உம்மாகூட நம்பமாட்டார்.

உள்ளே போய்விட்டேன். ஆனால் இரண்டு நிமிடம் அந்தக் கணினி ஒன்றும் கேட்காவிட்டால் லைன் துண்டித்துவிடும். நான் வெளியிலிருந்து அடிப்பதை அந்த விதி கணக்கில் எடுக்காது. அதுவும் நான் எழுதிய விதிதான். அதை மாற்றலாம்தான், ஆனால் டயல் வழியால்தான் நான் உள்ளே இருக்கிறேன். இருக்கிற அவசரத்தில் அதிலும் பிழைவிட்டால் எல்லாம் போச்சு. ஆகவே ராத்தாவிடம் ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். முகாமையாளர் கடவுச்சொல் வைக்காத ஆள், அன்றைக்கு அது நல்லதாய்ப் போனது. மேல் வரிசையில் எஃப்பும் அஞ்சும் எழுதிய கட்டைதான் பக்கத்தைத் திரும்பக் கேட்டு எடுக்கும் என்று சொல்லி, அதை நான் போதும் என்னும் வரை எண்ணி எண்ணி அமத்தச் சொன்னேன்.

"நிண்டுகொண்டா அமத்துற?"

"எவ்வளவு நேரம் குனிஞ்சிக்கிட்டு நிப்பீங்க. இரிங்க ராத்தா."

"கதிரையிலயா?"

"ஓம், கதிரையில."

அவர் இருந்தார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பத்து வரை எண்ணி ஒரு தடவை, திரும்பப் பத்து வரை எண்ணி ஒரு தடவை, அமத்திக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை நான் ஒன்றையும் ஒட்டவில்லை. ஒவ்வொரு வரியாக அடித்தேன், அடித்ததை வாயால் படித்துப் பார்த்த பிறகே உள்ளே விட்டேன். டயல் லைன் அத்தனை மெதுவாக இருந்தது, ஓர் எழுத்தை அடித்தால் அது திரையில் விழுவதற்குள் அடுத்ததை அடிக்கப் பயமாக இருந்தது. ஒரு தடவை எண்ணும் சத்தம் நின்றது. "என்ன ராத்தா, அமத்துங்க, அமத்துங்க!" என்று கத்தினேன். "கையெல்லாம் ஈரம் புள்ள, கட்டையில தண்ணி படுகிது, துடைக்கன்" என்றார். அவர் துடைத்து முடிப்பதற்குள் இரண்டு நிமிடம் கடந்து லைன் விழுந்தது. திரும்ப அமத்தி, திரும்ப டயல் பண்ணி, திரும்ப வருவதற்குள் எனக்கு அரை ஆயுசு போய்விட்டது. அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் திரும்ப எண்ணத் தொடங்கினார்.

ஒன்று இருபத்தைந்துக்குப் பிரதான லைன் எழும்பியது. இருபது நிமிடம் அந்தக் கதிரையில் இருந்திருக்கிறார்.

"போதும் ராத்தா. காப்பாத்திட்டீங்க."

"ஒண்டும் பழுதாகல்லதானே?"

"ஒண்டும் இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ். நான் போய் வாளியக் கழுவுறன், இவங்க வாற நேரம்."

கணினியை எப்படி அணைப்பது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு மணிக்கு வைத்தியரின் திரையில் அறிக்கைகள் ஒழுங்காக வந்து விழுந்தன. இரண்டேகாலுக்கு முகாமையாளர் எடுத்தார்.

"மிஸ், என்ட கொம்பியூட்டர் போட்டபடி கிடக்கி. லைனும் விழுந்து எழும்பினதாம் எண்டு எனக்கு மெசேஜ் வந்திரிக்கி. என்ன நடந்த?"

"லைன்ல சின்னப் பிரச்சினை சேர். இப்ப சரி."

கணினியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் ராத்தாவைச் சொல்ல வேண்டும், ராத்தாவைச் சொன்னால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று கேட்டால் என் பிழை கொழும்புக்குப் போகும். திங்கட்கிழமை நேரே போய்ப் பக்குவமாகச் சொல்லலாம் என்று மனதுக்குள் ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன். அன்று உம்மா சுட்ட மீனை வழித்துச் சாப்பிட்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் முகாமையாளர் மறுபடி எடுத்தார். குரலில் சந்தோசம்.

"புடிச்சிட்டன் மிஸ். கெமராவுல பாத்தன். நம்மட கூட்டுற பொம்பிள, காதுல போனும் வச்சிக்கிட்டு, என்ட கதிரையில ராசாத்தி மாதிரி இருந்து கட்டைய அமத்திக்கிட்டு இரிக்கா. லைன் விழுந்த நேரமும் அதுதான். கேட்டா, மிஸ்தான் செல்லினாவாம். பாருங்க, உங்கட பேரையும் இழுக்கிறா. வேலையால நிப்பாட்டிட்டன்."

அந்தக் கெமராவில் சத்தம் பதியாது. ராத்தா யாரோடு பேசினார் என்று அவருடைய போனை வாங்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. முகாமையாளர் என்னிடம் கேட்கக்கூட இல்லை, நான் அப்படிச் சொன்னேனா என்று. எனக்காக அவரே பதிலைச் சொல்லிவிட்டார். ஒரு சொல் போதும். ஓம், நான்தான் சொன்னேன். வாய் வரை வந்தது. என் வாயால் வந்ததோ, "ஆ… அப்படியா சேர்."

இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது. பயம் என்று சொல்லலாம், யோசிக்க நேரமில்லை என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. அந்த ஒரு விநாடியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. லைன் விழுந்ததற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அது நானில்லை. அவ்வளவுதான் என் நிம்மதி.

அன்று பின்னேரம் ராத்தா மூன்று தடவை எடுத்தார். இரண்டு தடவை போன் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மூன்றாவது தடவை எடுத்தேன்.

"புள்ள, நீங்க அவருக்கிட்டச் செல்லல்லயா?"

"இன்னும் செல்லல்ல ராத்தா. செல்லுவன்."

"கெமராவப் போட்டு எல்லாரையும் கூட்டி வச்சிக் காட்டினாரு. அந்தக் கவுண்டர்ப் புள்ளையள், ரத்தம் எடுக்கிற லெப்புக்காரன், எல்லாரும் சிரிக்கிறாங்க. மிஸ்தான் செல்லின எண்டு நான் செல்லச் செல்லச் சிரிக்கிறாங்க." அழவில்லை. "மகள்ட மாப்பிள வீட்டாருக்கு இண்டைக்கே கதை போயிரிக்கும். களவெடுத்தவள நிப்பாட்டின மாதிரித்தானே கதைப்பாங்க."

"செல்லுவன் ராத்தா" என்றேன் திரும்பவும். அவர் போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழும்புக்கு எடுத்து, மேலதிகாரியிடம் முழுவதையும் சொன்னேன். மாற்றிப் போட்ட இலக்கம், வெட்ட மறந்த வரி, டயல் பண்ணாத டயல் வழி, ராத்தா, கதிரை. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி, ஒருத்தருக்கும் நட்டமில்லைத்தானே. அறிக்கையில லைன் கோளாறு, தானாகச் சீராகியது எண்டு போடுங்க. அந்தம்மாவுக்கு நாங்க வேற ஏதாவது உதவி பார்ப்பம்" என்றார். அவர் எனக்கு நல்லது செய்யத்தான் பார்த்தார். அதுதான் எனக்குக் கோபம் வந்த இடம். இரண்டு நாளாக என்மேல் வந்திருக்க வேண்டிய கோபம் எல்லாம் அவர்மேல் போனது. தானாகச் சீராகவில்லை சேர், ஒரு மனுசி ஈரக் கையோடு இருந்து சீராக்கினவ என்று கத்திவிட்டேன். "அப்போ நீங்க உண்மையை எழுதினால், நானும் சொன்னதைச் செய்ய வேண்டி வரும்" என்றார். தெரியும் என்றேன்.

எழுதினேன். ஒரு பக்கம். பிழை விட்டது நான், பிழையைச் சேமித்தது நான், கிளையின் கணினியைப் போடச் சொன்னதும் கதிரையில் இருக்கச் சொன்னதும் நான், லைனைத் திரும்ப எழும்பச் செய்தது துப்புரவுப் பணியாளர். நேரங்களையும், என் போனில் இருந்த அழைப்புகளின் பட்டியலையும் சேர்த்தேன். ஒரு பிரதி கொழும்புக்கு, ஒரு பிரதி மருத்துவ நிலையத்தின் உரிமையாளருக்கு. மூன்றாவதைத் திங்கட்கிழமை நானே கொண்டுபோய் முகாமையாளரின் மேசையில் வைத்தேன்.

அவர் வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"உங்கட பிழையெண்டா பரவாயில்ல மிஸ். மெசின்தானே, படிச்ச ஆக்களுக்கும் பிழை வரும். நீங்க ஏன் இதையெல்லாம் எழுதி…"

"அப்ப ராத்தா நாளைக்கு வேலைக்கு வரலாம்தானே சேர்?"

சிரிப்பு நின்றது. "அது வேற விசயம். நீங்க என்ன செல்லியிருந்தாலும், அவ என்ட கதிரையில இருந்திரிக்கா."

லைனை வெட்டியவளுக்குப் பரவாயில்லை. கதிரையில் இருந்தவளுக்கு வேலை இல்லை. கதவு திறந்துதான் இருந்தது, வெளியே கவுண்டரில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினேன்.

"அவ அந்தக் கதிரையில இருக்காட்டி, வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு உங்கட டொக்டர்ட மேசைக்கு ஒரு றிப்போர்ட்டும் வந்திரிக்காது. களவெடுக்கல்ல, விளையாடல்ல. நான் இரி எண்டு செல்லித்தான் இருந்தவ. இத நீங்க அவங்க எல்லாருக்கும் முன்னால செல்லணும். சிரிச்சது அவங்களுக்கு முன்னாலதானே."

அவர் சொல்லவில்லை. ஆனால் அன்று பின்னேரமே உரிமையாளரிடமிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. வியாழக்கிழமை ராத்தா வேலைக்கு வந்தார். இனி முகாமையாளரின் அறைக்கும் கவுண்டருக்கும் போகக்கூடாது, வெளி வளவும் கழிவறைகளும் மட்டும்தான் அவருக்கு என்று ஏற்பாடு. மட்டக்களப்பிலிருந்து ஒருவர் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். நான் ஒவ்வொரு வரி அடித்த பிறகும் அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பார், தலையாட்டுவார், அதன் பிறகே நான் உள்ளே விடலாம்.

இரண்டு கிழமை கழித்து அவரும் நானும் அந்தக் கிளைக்குப் போனோம், டயல் விதியைத் திருத்த. பிரதான லைன் விழுந்தால், யாரும் கேட்காவிட்டாலும் ரவுட்டரே ஒரு கேள்வி கேட்டு டயல் பண்ணும் மாதிரி. ஐந்து நிமிட வேலை. கவுண்டரில் இருந்த ஒரு பிள்ளை எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள், சீனி போட்டது. நான் குடிக்காமல் பின்பக்கம் போனேன். ராத்தா வளவில் விழுந்த வாகை இலைகளை ஈர்க்குவாரால் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார், ஈர்க்குவாரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

மன்னிப்புக் கேட்டேன். சனிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அறிக்கையில் என்ன எழுதினேன் என்று சொன்னேன், உரிமையாளருக்கும் அனுப்பியதைச் சொன்னேன். மகளின் விசயம் என்னாச்சு என்று கேட்டேன்.

"அவிய இன்னும் ஒண்டும் செல்லல்ல" என்றார். "பாப்பம் எண்டிரிக்காங்க."

"நான் வந்து கதைக்கவா ராத்தா? மாப்பிள வீட்டாருக்கிட்ட நடந்ததச் செல்லுறன்."

"வேணாம். மிஸ்ஸுக்கு ஒரு விசயம் செல்லணும்" என்றார். அவர் என்னை மிஸ் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "உங்கட போனில என்ட நம்பர் இரிக்கித்தானே. அத அழிச்சிடுங்க."

"ராத்தா…"

"நீங்க கோல் பண்ணினா நான் எடுப்பன் மிஸ். எடுக்காம இருக்க எனக்கு வராது. அதுதான் செல்லுறன், அழிச்சிடுங்க."

போனை எடுத்தேன். அவர் ஈர்க்குவாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைச் சாறியில் துடைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் அழித்து முடிக்கும் வரை திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.